ஒன்பது கூடைகள் போதும்: சிறிய மைதானத்தில் அங்கீகாரம் பெற்ற டிஸ்க் கோல்ஃப் போட்டி நடத்துவது எப்படி?

மன்னார் நகரிலிருந்து தெற்கே கரையோரமாகப் போனால் அருவியாறு கடலில் கலக்கும் இடத்தை அண்டி அரிப்பு இருக்கிறது. முசலிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் வரும் இந்த ஊரில் மாலை நேரத்தில் மைதானம் வெறுமையாக இருப்பதில்லை. மன்னார்க் கரையோரக் கிராமங்களில் உதைபந்தாட்டம் ஊரோடு ஊறியது. முழு அளவு மைதானம் இல்லாத இடத்தில் அணிக்கு ஏழு பேர் என்று ஆடிக்கொள்வார்கள். அதுவும் முடியாத இடத்தில் கடற்கரை மணல் இருக்கிறது.

இடம் சிறிதென்று ஆட்டம் நிற்பதில்லை. ஆனால் அந்த ஆட்டங்கள் ஊருக்கு வெளியே எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. முழு அளவு மைதானம், பார்வையாளர் அரங்கு, மின்விளக்கு, நடுவர் குழு எல்லாம் இருந்தால்தான் ‘அங்கீகரிக்கப்பட்ட போட்டி’ என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பட்டியலில் அரிப்பு போன்ற ஊர்கள் எப்போதும் கடைசியில்தான் வரும்.

இந்தப் பழக்கத்துக்கு மாறாக, மிகச் சிறிய இடத்தில் நடக்கும் போட்டியையும் பெரிய போட்டிகளோடு ஒரே பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் டிஸ்க் கோல்ஃப். அதன் விதிகள் சிறிய தளங்களைப் பற்றி என்ன சொல்கின்றன, அவற்றை நமது கரையோரத்தில் எப்படிப் பொருத்திப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரை.

தட்டும் கூடையும்

கடற்கரையில் பிள்ளைகள் எறிந்து விளையாடும் ஃபிரிஸ்பி தட்டை எல்லோரும் பார்த்திருப்போம். ஃபிரெட் மொரிசன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய அந்தத் தட்டை ‘வேம்-ஓ’ நிறுவனம் 1957 முதல் விற்கத் தொடங்கியது. அதே நிறுவனத்தில் வேலை செய்த எட் ஹெட்ரிக் தட்டு நேராகப் பறக்கும்படி அதன் வடிவத்தைத் திருத்தினார். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் தளத்தை அமைத்தவரும் அவர்தான். ஒரு கம்பம், அதில் தொங்கும் சங்கிலிகள், கீழே ஒரு கூடை என்ற இன்றைய இலக்கும் அவருடைய கண்டுபிடிப்பு. தட்டு சங்கிலியில் மோதி வேகம் இழந்து கூடைக்குள் விழும்.

விளையாட்டு எளிது. ‘டீ’ எனப்படும் தொடக்க இடத்திலிருந்து எறிய வேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறிதல். கூடைக்குள் விழும்வரை எத்தனை எறிதல் என்று எண்ண வேண்டும். ஒரு டீயும் ஒரு கூடையும் சேர்ந்தது ஒரு ‘ஹோல்’. நிலத்தில் குழி எதுவும் இல்லாவிட்டாலும் பழைய கோல்ஃப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 18 ஹோல் முடிவில் குறைந்த எண்ணிக்கை எவருடையதோ அவரே வெற்றியாளர்.

தட்டு ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர் விட்டமுடையது. பெரும்பாலானவை 150 முதல் 175 கிராம் வரை எடை கொண்டவை. புல்தரையோ தண்ணீர் பாய்ச்சலோ தேவையில்லை. கொழும்பிலும் நுவரெலியாவிலும் பிரித்தானியர் விட்டுச்சென்ற கோல்ஃப் மைதானங்களோடு இதற்கு உள்ள உறவு பெயரளவில்தான்.

‘அங்கீகாரம்’ என்றால் என்ன?

ஹெட்ரிக் 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். பி.டி.ஜி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சங்கமே இன்று உலகெங்கும் விளையாட்டின் விதிகளை வகுக்கிறது. அதன் போட்டிகள் பல படிநிலைகளில் உள்ளன. உச்சியில் உலக சம்பியன் போட்டி போன்றவை. அதற்குக் கீழே ‘ஏ’, ‘பி’, ‘சி’ தரப் போட்டிகள். இவற்றோடு, ஒரே கழகத்தினர் வாரந்தோறும் ஆடும் ‘லீக்’ என்ற எளிய வடிவமும் உண்டு.

சிறிய ஊர்களுக்குப் பொருந்துவன லீக்கும் ‘சி’ தரமும்தான். இவற்றை நடத்த முதலில் வேண்டியது ஒரு பொறுப்பாளர். அவர் சங்கத்தின் நடப்பு உறுப்பினராகவும், விதிகள் பற்றிய தேர்வில் தேறியவராகவும் இருக்க வேண்டும். போட்டியை முன்கூட்டியே பதிவுசெய்து, முடிந்ததும் ஒவ்வொருவருடைய எண்ணிக்கையையும் சங்கத்துக்கு அனுப்புவதும் அவர் கடமை. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சிறு கட்டணம் சங்கத்துக்குப் போகும். அது டொலரில் என்பதால், 2022க்குப் பிறகு ரூபாயின் நிலையை அறிந்த எவரும் அதை முன்கூட்டியே கணக்கில் எடுப்பார்கள்.

ஆட்டங்கள் பதிவானதும் வீரருக்கு ஒரு மதிப்பீட்டு எண் கிடைக்கிறது. 1000 என்பது தேர்ந்த ஆட்டக்காரரின் அளவு. புதியவர்கள் அதிலிருந்து பல நூறு கீழே தொடங்குவார்கள். சதுரங்கத்தில் ‘ரேட்டிங்’ என்று சொல்வது போன்றதே இது. 2022இலும் 2023இலும் பெண்கள் உலக சம்பியனான எஸ்தோனியாவின் கிறிஸ்டின் தத்தாரும், ஏதோ ஒரு சிற்றூரில் ஒன்பது கூடைகளுக்கிடையே ஆடும் பதினைந்து வயதுச் சிறுமியும் ஒரே அளவுகோலில் எண் பெறுகிறார்கள்.

13 என்ற எண்

தளம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒரு சுற்று மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட அதில் குறைந்தது 13 ஹோல் ஆடப்பட்டிருக்க வேண்டும் என்கிறது விதி. 18 கூடைகள் நாட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்பது கூடைகளை இருமுறை சுற்றினால் 18 ஆகிவிடும். சிறு தளங்களில் இதுதான் வழக்கம்.

ஆறு கூடைகளை இருமுறை சுற்றினால் 12தான், ஒன்று குறைகிறது. மூன்று முறை சுற்றினால் 18 வரும். ஏழு கூடைகளை இருமுறை சுற்றினால் 14, எல்லையைத் தாண்டிவிடும். ஆனால் ஒரே ஹோலை ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப ஆடினால் சலிப்புத் தட்டும். அதனால் ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு டீ அடையாளமிடுவார்கள். முதல் சுற்றில் 50 மீற்றரில் நேராக எறிந்த அதே கூடைக்கு, இரண்டாம் சுற்றில் 70 மீற்றரிலிருந்து வேறு கோணத்தில், ஒரு மரத்தைச் சுற்றி எறிய வேண்டியிருக்கும். கூடை ஒன்று, ஹோல் இரண்டு.

எத்தனை பேர் ஆடலாம்?

சிறிய தளத்தில் போட்டி குழம்புவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். பெரும்பாலான போட்டிகளில் எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஹோலிலிருந்து தொடங்கும். ஆகவே கூடைகளின் எண்ணிக்கைதான் குழுக்களின் எண்ணிக்கை. குழுவுக்கு நான்கு பேர் என்றால் ஒன்பது கூடைகளில் 36 பேர், ஏழில் 28 பேர், ஆறில் 24 பேர். குழுவுக்கு ஐந்து பேர் வைத்தால் ஒன்பது கூடைகளில் 45 பேரை இறக்கலாம். ஆனால் எல்லா ஹோலிலும் ஆள் நிறைந்திருக்கும்போது ஒரு குழு தாமதித்தால் மைதானம் முழுவதும் நின்றுவிடும். அனுபவமுள்ளவர்கள் ஒரு ஹோலைக் காலியாக விட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். ஒன்பது கூடைகளில் 32 பேர் என்பது நிம்மதியான எண்.

60 பேர் வந்துவிட்டால்? காலையில் ஒரு பிரிவு, மாலையில் ஒரு பிரிவு என்று பிரிக்கலாம். காற்றும் வெயிலும் காலையிலும் மாலையிலும் ஒன்றல்ல என்பதால், ஒருவரோடொருவர் போட்டியிடுபவர்களை ஒரே வேளையில் ஆடவைக்க வேண்டும். பெண்களும் இளையோரும் காலையில், ஆண்கள் மாலையில் என்று வகுத்தால் எவருக்கும் அநீதி இல்லை.

இரண்டு டீ வைக்கும்போது இன்னொரு எச்சரிக்கை உண்டு. முதல் ஒன்பதை முடித்த ஒரு குழு உடனே இரண்டாம் டீக்குப் போனால், இன்னும் முதல் சுற்றில் இருக்கும் குழுவின் எறிதல் பாதையில் நிற்க நேரிடலாம். வேகமாக எறிந்த தட்டு தலையில் பட்டால் காயம் சிறிதாக இராது. ஆகவே முதல் ஒன்பது முடிந்ததும் எல்லோரும் நிற்க வேண்டும். தண்ணீர் குடித்து, எண்ணிக்கைகளைச் சரிபார்த்து, ஊதல் ஊதிய பிறகே இரண்டாம் ஒன்பது தொடங்க வேண்டும். இருபது நிமிட இடைவேளை செலவாகும். அது வீண்போகாது.

எவ்வளவு காணி?

முழு அளவுத் தளத்துக்கு ஒரு ஹோலுக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் என்று சொல்வார்கள். குறுகிய ஹோலுக்கு அதில் பாதி போதும். 60 மீற்றர் நீளமும், இருபுறமும் பாதுகாப்பு இடைவெளி சேர்த்து 30 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு பட்டை 1,800 சதுர மீற்றர். ஒன்பதுக்கு 16,200 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ நான்கு ஏக்கர். நடைபாதையும் ஆட்கள் கூடும் இடமும் சேர்த்தால் ஐந்து ஏக்கர். ஒரு முழு அளவு உதைபந்தாட்ட மைதானம் ஒன்றேமுக்கால் ஏக்கர் அளவில் வரும். மைதானமும் அதை ஒட்டிய பாடசாலை வளவும் பனங்கூடலும் சேர்ந்தால் கணக்கு ஒத்துவரும்.

ஆனால் முசலியில் காணி என்பது ஏக்கர்க் கணக்கு மட்டுமல்ல. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் மீள்குடியேற்றம் இங்கே இன்னும் முடியாத கதை. 2007இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் மக்கள், 2017இல் தொடர் போராட்டம் நடத்திய பின்னரே தங்கள் நிலத்தின் ஒரு பகுதியில் கால்வைக்க முடிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் விளையாட்டுக்கென்று புதிதாக ஐந்து ஏக்கரை வேலியடைக்கச் சொல்வது நியாயமாகாது.

இங்கேதான் கழற்றி மாட்டும் கூடைகள் உதவுகின்றன. காலையில் கொண்டுவந்து வைத்து மாலையில் எடுத்துப்போகலாம். ஒன்பது கூடைகள் ஒரு சிறிய லொறியில் அடங்கும். காணி உரிமை மாறுவதில்லை, உதைபந்தாட்டக்காரர்களின் கோல்கம்பமும் அசைவதில்லை. பாடசாலை அதிபரிடமோ பங்குத்தந்தையிடமோ பிரதேச சபையிடமோ ஒரு நாளுக்கான அனுமதி பெற்றால் போதும். அங்கீகாரப் போட்டிக்குச் சங்கத்தின் ஒப்புதல் பெற்ற வகைக் கூடைகள் வேண்டும் என்பது பொதுவிதி. பயிற்சிக்கு அது தேவையில்லை. ஊர் ஒட்டுவேலைக்காரர் பழைய சைக்கிள் வளையத்திலும் சங்கிலியிலும் செய்து தரும் கூடையே போதும்.

சில இடங்களைத் தொடவே கூடாது. 1800களின் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய டொறிக் மாளிகையின் எச்சங்கள் கடலரிப்பில் சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டிருக்கின்றன. அழகான பின்னணி என்று அதன் அருகில் கூடை நாட்டுவது தவறு. போர் நடந்த நிலம் என்பதால், மக்கள் அன்றாடம் நடமாடும், கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்யப்பட்ட காணியைத் தவிர வேறெங்கும் தட்டைத் தேடிப் பற்றைக்குள் இறங்கக் கூடாது.

காற்றும் நாட்காட்டியும்

2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாடிகள் நிற்கின்றன. அவை ஏன் இங்கே வந்தன என்று கரையோர மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகத்தில் 170 கிராம் தட்டு எங்கே இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஒக்டோபர் முதல் ஆண்டு முடிவுவரை மழையும் வாடையும். எஞ்சுவது பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலம். கடல் அடங்கியிருக்கும் அந்த மாதங்களை நம்பியே முன்பு முத்துக்குளிப்பையும் நடத்தினார்கள்.

கிழமை நாளும் முக்கியம். கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்கள் பொதுவாக ஞாயிறு தொழிலுக்குப் போவதில்லை. காலைத் திருப்பலி முடிந்த பிறகு தொடங்கும் போட்டிக்கு அரிப்பிலிருந்தும் வரலாம், சிலாவத்துறையிலிருந்தும் வரலாம்.

சிறிய தளத்தின் பலவீனம்

சிறிய தளத்துக்குக் குறையே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. 50 மீற்றர் ஹோலில் நல்லவரும் இரண்டு எறிதலில் முடிப்பார், நடுத்தரமானவரும் மூன்றில் முடிப்பார். 18 ஹோல் முடிவில் எல்லோரும் ஒருவரையொருவர் ஒட்டி நிற்பார்கள். அதனால் ஒரே ஒரு எறிதல் மதிப்பீட்டு எண்ணில் பெரிய தளத்தைவிட அதிக மாற்றத்தை உண்டாக்கும். முதலிடத்துக்குச் சமநிலை அடிக்கடி வரும். அப்போது ஒவ்வொரு ஹோலாக ஆடி, முந்துபவரே வெற்றியாளர் என்று தீர்ப்பார்கள். அது எந்த ஹோலில் தொடங்கும் என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். முடிந்த பிறகு தீர்மானித்தால் சண்டைதான்.

இதற்கு மருந்து நீளம் அல்ல, கடினம். வேலியோரமாக ஒரு கயிறு கட்டி, அதற்கு அப்பால் விழுந்தால் ஒரு எறிதல் தண்டம் என்று வைக்கலாம். குறிப்பிட்ட பனையின் இடப்புறமாகத்தான் தட்டு போக வேண்டும் என்று விதிக்கலாம். கூடையை ஒரு மண்மேட்டில் வைத்தால், தவறிய தட்டு சரிந்து கீழே ஓடும். இப்படியான ஹோலில் இரண்டும் வரும், நான்கும் வரும். திறமை எண்ணிக்கையில் தெரியும்.

மதிப்பீடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சுற்றின் மதிப்பைக் கணக்கிட, ஏற்கெனவே மதிப்பீட்டு எண் உள்ள சில வீரர்கள் அதே சுற்றில் ஆடியிருக்க வேண்டும். அவர்களுடைய எண்களை வைத்துத்தான் தளத்தின் கடினம் அளக்கப்படுகிறது. எல்லோருமே புதியவர்களான ஊரில் முதல் போட்டிக்கு இது பெரிய தடை. வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ அப்படியானவர்களை வரவழைக்க வேண்டியிருக்கும். விடுமுறைக்கு வரும் புலம்பெயர் உறவுகளில், கனடாவிலோ நோர்வேயிலோ பூங்காக்களில் இதை ஆடிப் பழகியவர்கள் இருந்தால் அவர்களை அழைக்கலாம்.

இந்த அங்கீகாரத்தின் எல்லையையும் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது. இலங்கையில் தேசிய விளையாட்டுச் சங்கங்கள் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்த ஏற்பு வேறு, ஒரு சர்வதேசச் சங்கத்தின் பதிவு வேறு. இந்த மதிப்பீட்டு எண்ணைக் காட்டிப் பாடசாலை விளையாட்டுச் சான்றிதழைக் கேட்க முடியாது.

நடுவர் இல்லாத ஆட்டம்

செலவைக் குறைக்கும் இன்னொரு அம்சம், ஒவ்வொரு குழுவுக்கும் நடுவர் தேவையில்லை என்பது. ஒருவர் எண்ணிக்கையை மற்றவர்கள் குறிப்பார்கள். பிழையான எண்ணிக்கையைக் கொடுத்தால் இரண்டு எறிதல் தண்டம். கூடைக்குப் பத்து மீற்றருக்குள் எறிந்தவர், நிலைதடுமாறாமல் நின்று காட்டிய பிறகே முன்னால் காலெடுக்கலாம். தட்டை எறிய 30 விநாடி அவகாசம். வீரர்கள் தங்களுக்குள்ளேயே இவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது நமது இளைஞர்களுக்கு ஒத்துவருமா? பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு பதில் உண்டு. சென்னைக் கடற்கரை மணலில் பல ஆண்டுகளாக ‘அல்டிமேட்’ என்ற அணி ஆட்டம் ஆடப்படுகிறது. அதே பறக்கும் தட்டுத்தான், அங்கும் நடுவர் கிடையாது. அங்குள்ள ‘ஃப்ளை வைல்ட்’ அணியைப் பற்றிய ‘175 கிராம்ஸ்’ குறும் ஆவணப்படம் 2015இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவரை போனது. அதே ஆண்டில் உலகப் பறக்கும் தட்டுச் சம்மேளனத்துக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முழு ஏற்பும் கிடைத்தது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடி, தவறைத் தாமே ஒத்துக்கொள்ளும் பழக்கம் தமிழ்க் கரைக்கு அந்நியமானதல்ல என்பதை அந்த மணல் காட்டியிருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

நேரே போட்டி அறிவிப்பது தவறான வழி. முதல் சில மாதங்கள் ஊர்க் கூடைகளில் பழக வேண்டும். அந்தக் காலத்தில் ஒருவர், உடற்கல்வி ஆசிரியரோ கழகச் செயலாளரோ, சங்கத்தில் சேர்ந்து விதித் தேர்வை எழுதலாம். அதன்பின் வாரம் ஒரு மாலை என்று லீக். எந்த ஹோலில் ஆட்கள் தேங்குகிறார்கள், எந்தப் பாதை ஆபத்தானது, எந்த டீயில் வெயில் கண்ணில் அடிக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். அந்தத் திருத்தங்களோடு அடுத்த மார்ச்சில் 32 பேருக்கு ஒரு நாள் போட்டி. பொழுதுபோக்குப் பிரிவில் பரிசு பணமாக அல்லாமல் பொருளாகவே கொடுக்கப்படும் என்பதால் வெற்றிக்கிண்ணமும் சில தட்டுகளும் போதும்.

இந்தப் பட்டியலில் விலை கூடியவை கூடைகளும் தட்டுகளும். கிடைக்க அரியது அந்த ஒருவர்: விதிப் புத்தகத்தைப் படித்து, டீயிலிருந்து கூடைவரை நாடாவால் அளந்து, தன் கழகத்துப் பிள்ளைக்கும் அடுத்த ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே தண்டத்தை எழுதி, இரவோடிரவாக எண்ணிக்கைகளை அனுப்பிவைப்பவர். அவர் இருந்தால், மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு அரிப்பில் எறியப்படும் தட்டுகளும் அந்த உலகப் பதிவேட்டில் ஏறும்.